எந்த வண்டிக்கு எந்த ஆயில்?

கார், பைக், ஸ்கூட்டர் மூன்றும் நிற்கும் வீடுகள் இன்று தமிழ்நாட்டில் ஏராளம். காருக்கு ஆயில் மாற்றியது போக கேனில் அரை லிட்டர் மிஞ்சும். நிறைய விலை கொடுத்து வாங்கிய சிந்தெடிக் ஆயிலை வீணாக்க மனம் வராமல், அதைப் பைக்கில் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் மேடு ஏறும்போது பைக் என்ஜின் இரைகிறது, வண்டியோ வேகம் எடுக்க மறுக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்கிறார் மெக்கானிக். ஊற்றிய ஆயிலின் தரத்தில் குறையில்லை. அந்த வண்டிக்கு அது உரியதில்லை.

பெட்ரோலைப் போல ஊற்றித் தீர்க்கும் பொருளாகவே ஆயிலைப் பலரும் நினைக்கிறார்கள். என்ஜினை வடிவமைப்பவர்களோ அதைப் பிஸ்டன், பேரிங் போன்ற ஒரு பாகமாகவே கணக்கில் கொள்கிறார்கள். பாகங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது, ஆயில் பம்ப் எவ்வளவு அழுத்தம் தர வேண்டும், எவ்வளவு நுண்ணிய துளை வழியாக ஆயில் பாய வேண்டும் என்பதெல்லாம் ஒரு குறிப்பிட்ட வகை ஆயிலை வைத்தே முடிவாகின்றன. ஆகவே நல்ல ஆயில் எது என்று கடையில் பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. இந்த என்ஜினுக்கு எது என்று கேட்டால்தான் பதில் உண்டு. அந்தப் பதில் வண்டியோடு வந்த கையேட்டில் அச்சாகியிருக்கிறது.

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. கிராங்க் ஷாஃப்ட் அதன் பேரிங்கை நேரடியாகத் தொட்டுச் சுழல்வதில்லை. சில மைக்ரான் தடிமனே உள்ள ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராத படலம் அது. உராய்வைக் குறைப்பதோடு ஆயிலின் வேலை முடிவதில்லை. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருகிறது. எரிந்த கரித்துகள்களை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்கவைக்கிறது. எரிதலில் உண்டாகும் அமிலங்களைச் செயலிழக்கச் செய்கிறது. இத்தனைக்கும் உதவும் வேதிச் சேர்மானங்கள் அடிப்படை எண்ணெயில் கலக்கப்படுகின்றன. ஒரு கேனுக்கும் இன்னொரு கேனுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இந்தச் சேர்மானங்களில் இருக்கிறது.

கேனில் முதலில் கண்ணில் படுவது 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற எண்கள். அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த தரவரிசை இது. ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையைச் சொல்கிறது. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்துக்கான குறி. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் ஆயில் இளகி ஓடும் என்று பொருள். 5டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில், 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது. 30ஐ விட 40 கெட்டி, 40ஐ விட 50 கெட்டி.

ஊட்டியின் உறைபனிகூட அந்தச் சோதனைக் குளிரை நெருங்குவதில்லை. அப்படியிருக்க முதல் எண் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் அடியில் உள்ள தொட்டிக்கு இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே உள்ள கேம் ஷாஃப்ட் வரை ஏற்ற வேண்டும். ஏறும் வரை அந்தப் பாகங்கள் மிச்சமிருக்கும் மெல்லிய பூச்சை நம்பித்தான் ஓடுகின்றன. என்ஜினில் தேய்மானம் அதிகமாக நேரும் வேளைகளில் இதுவும் ஒன்று. சென்னையின் 28 டிகிரி விடியலிலும், 20டபிள்யூ ஆயிலை விட 5டபிள்யூ ஆயில் விரைவாக மேலே போய்ச் சேர்கிறது.

இரண்டாவது எண்ணைப் பற்றி இங்கே வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்பது. 20டபிள்யூ-40 மட்டுமே எங்கும் கிடைத்த காலத்தின் மிச்சம் அது. நீர் சுற்றிக் குளிர்விக்கும் கார் என்ஜினில் தெர்மோஸ்டாட் என்ற வால்வு வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே 20 டிகிரியோ 42 டிகிரியோ, சூடேறிய என்ஜின் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் ஓடும். வேலூரின் சித்திரை வெயிலுக்காக, கையேடு சொல்வதை விடக் கெட்டியான ஆயில் ஊற்றினால், குறுகலாக வடிவமைத்த துளைகளில் அது மெதுவாகப் பாயும், பம்ப் கூடுதலாக உழைக்கும், மைலேஜ் குறையும். மாருதியின் புதிய பெட்ரோல் என்ஜின்கள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்ற மிக இளகிய ஆயில் சொல்லப்படுகிறது. தண்ணீர்போல இருக்கிறதே என்று அஞ்சி அதில் 20டபிள்யூ-50 ஊற்றுவது என்ஜினுக்குச் செய்யும் கெடுதல்.

காற்றால் குளிரும் பைக் என்ஜினின் கதை வேறு. அங்கே தெர்மோஸ்டாட் கிடையாது; வெயிலும் நெரிசலும் நேரடியாக ஆயிலைச் சூடாக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 15டபிள்யூ-50 பரிந்துரைக்கப்படுவதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஆனால் ஹீரோ ஸ்பிளெண்டரும் காற்றால் குளிரும் வண்டிதான். அதற்குச் சொல்லப்படுவது 10டபிள்யூ-30. வெயிலை வைத்து நாமாக முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரு பைக்குகளே சாட்சி.

தொடக்கத்தில் சொன்ன கிளட்ச் சிக்கலுக்கு விடை, ஜப்பானியர்கள் வகுத்த ஜாசோ தரத்தில் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உராய்வு வேண்டும். கார் ஆயில்கள் பலவற்றிலோ மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு. அவை தட்டுகளின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. ஆகவே பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறியுள்ள ஆயில் வேண்டும். ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயில் படாத தனி அறையில் இருப்பதால் அங்கே உராய்வு குறைந்தால் நல்லதுதான். ஹோண்டா ஆக்டிவாவுக்கு எம்பி வகை சொல்லப்படுவது இதனால். ஸ்பிளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் கேனில் உள்ள எண் ஒன்றே, 10டபிள்யூ-30. ஆனாலும் எம்பி ஆயிலை ஸ்பிளெண்டரில் ஊற்றக் கூடாது.

கார்களுக்கு வழிகாட்டுவது ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறி. பெட்ரோல் என்ஜின்களுக்கானவை ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும். 2010இல் எஸ்என், 2020இல் எஸ்பி, 2025இல் எஸ்க்யூ என்று வந்தன. பின்னால் வந்தது முன்னதன் தேவைகளையும் நிறைவு செய்யும் என்பதால், எஸ்என் கேட்கும் காரில் அதே பாகுத்தன்மையுள்ள எஸ்பி ஊற்றலாம். எஸ்பி தரத்துக்குத் தனிக் காரணம் உண்டு. சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் ஆபத்து தெரியவந்தது. ஆயிலில் கால்சியம் சார்ந்த சேர்மானம் அதிகமாக இருப்பது இதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து கலவையை மாற்றினார்கள். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கேனில் எஸ்பி குறியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

டீசல் காரில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாய்ப் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயிலின் உலோகச் சேர்மானங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் எரிந்து போகாது. வடிகட்டியிலேயே தங்கி மெல்ல மெல்ல அடைக்கும். இதற்காகவே சாம்பல் குறைந்த ஆயில்கள் உள்ளன. ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் அவை சி2, சி3 போன்ற குறிகளைத் தாங்கி வருகின்றன. இந்தக் கார்களில் பழைய வகை டீசல் ஆயிலை ஊற்றி மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய், வடிகட்டியை மாற்றும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜின் இன்னொரு பாடம். அதன் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். நிறுவனம் சொன்ன 5டபிள்யூ-20 ஆயில் அந்த ரப்பருக்கும் பொருந்த வேண்டும் என்று தேர்ந்தது. பொருந்தாத ஆயிலில் பெல்ட் சிதைந்து, அதன் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் வாயை அடைத்தால் என்ஜினே போய்விடும். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021இல் அறிவித்தது. இன்று அந்தக் காரைப் பழையதாக வாங்கி வெளி ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவர்கள், ஆயில் எது என்பதைத் தாங்களே எழுதிக் கொடுப்பது நல்லது.

மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் என்ற வகைப்பாடு அடிப்படை எண்ணெயைப் பற்றியது. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது மினரல் ரகம். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இந்த அடிப்படை எண்ணெய் தயாராகிறது. சிந்தெடிக் ரகம் அதிகச் சூட்டில் எளிதில் சிதையாது, குளிரில் இறுகாது. ஆனால் அந்தச் சொல் மட்டும் எதற்கும் உத்தரவாதமாகாது. கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து ஹைட்ரஜனால் ஆழமாகச் சுத்திகரித்த எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாம் என 1999இல் அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கருத்துச் சொன்னபின், அப்பெயரின் கீழ் பல ரகங்கள் வருகின்றன. கேனில் பெரிய எழுத்தில் உள்ள விளம்பரத்தை விட, பின்புறத்தில் பொடி எழுத்தில் உள்ள தரக்குறிகளே முக்கியம்.

ஆயில் கருத்துவிட்டால் கெட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். கரியைத் தன்னுள் வாங்கிக்கொண்டதால் வரும் நிறம் அது. டீசல் காரில் புது ஆயில் வெகு சீக்கிரம் கருத்துவிடும். மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரும் மாதமும்தான் சொல்லும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அது. பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடும் கார், கிலோமீட்டர் குறைவென்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றத்தைக் கேட்கும். என்ஜின் முழுதாகச் சூடேறாத குறும்பயணங்களில் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலில் கலந்துவிடுகின்றன.

மாதம் ஒருமுறை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் போதும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். வடிகட்டி உள்ள டீசல் காரில், யாரும் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், கரியை எரிக்கச் செலுத்தும் டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். உடனே சர்வீஸுக்கு விட வேண்டும்.

வாங்கும்போது மூடியின் சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் மூன்றையும் பார்த்து, பில் வாங்குவது வாரண்டிக்கும் உதவும். காலியான கேனைத் துளையிட்டுப் போட்டால் போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்குப் பயன்படாது. வடித்த பழைய ஆயில், 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் மையத்தில் கொடுத்தால், அழுக்கும் தேய்ந்த சேர்மானங்களும் நீக்கப்பட்டு அது மீண்டும் அடிப்படை எண்ணெயாகிவிடும்.