பாதாம் மாவில் ஒரு பிஸ்கட்

என் மகனுக்கு கிரோன் நோய். டாக்டர் தரும் மருந்தோடு எஸ்.சி.டி. எனும் ‘குறிப்பிட்ட கார்போஹைட்ரேட்’ உணவுமுறையும் நடக்கிறது. நியூயார்க் டாக்டர் சிட்னி ஹாஸ் வகுத்தது. எலைன் காட்ஷாலின் 1994-ஆம் ஆண்டுப் புத்தகத்தால் பரவியது. அரிசி, கோதுமை, கம்பு எதுவும் ஆகாது. சர்க்கரை, வெல்லமும் கூடாது. தேன் உண்டு, அதிலுள்ள குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் குடல் உடைக்காமலே உறிஞ்சிக்கொள்ளும்.

பையன் கேட்பதோ பிஸ்கட்!

இரண்டு கப் பாதாம் மாவு, கால் கப் தேன், இரண்டு மேசைக்கரண்டி நெய், சிட்டிகை உப்பு, கால் தேக்கரண்டி சமையல் சோடா. பேக்கிங் பவுடரில் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும், அதனால் அதற்குத் தடை. குளூட்டன் இல்லாததால் மாவு ஈர மணலாக உதிரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் தட்டினால் நிற்கும். தேன் சட்டென்று கருகும். ஆகவே 150 டிகிரி, சுமார் 12 நிமிடம். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடுவேன். சூட்டில் தொட்டால் வேகாதது போல மெத்தென்றிருக்கும். தட்டிலேயே ஆறினால்தான் கெட்டிப்படும்.

கிரோன் நோயாளிகளுக்கு எஸ்.சி.டி. மத்தியதரைக்கடல் உணவுமுறையைவிட மேல் என்று 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தெரியவரவில்லை. பாதாம் விற்கிற விலைக்கு, அடுத்த முறை டயட்டீஷியனிடம் மத்தியதரைக்கடல் உணவுமுறையைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.