செம்மண் தோப்புகள் – 9: வெயில் படும் கிளையே காய்க்கும்

வேப்பூர் கூட்டுரோட்டில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் விருத்தாசலம். பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். அதைத் தாண்டி நெய்வேலி, பண்ருட்டி என்று போகப் போகச் செம்மண்ணும் முந்திரியும்தான். சென்ற வாரம் ஒட்டுக்கன்று நடுவதைப் பார்த்தோம். இந்த வாரம் கவாத்து. உரத்துக்கும் மருந்துக்கும் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள்கூட ரம்பத்தை எடுக்கத் தயங்குகிறார்கள். காய்க்கிற மரத்தில் கை வைப்பதா என்ற பயம். அந்தப் பயம்தான் மகசூலைத் தின்கிறது.

தை, மாசியில் பழைய முந்திரி மரம் ஒன்றைச் சுற்றி வந்து பாருங்கள். பூங்கொத்துகள் எல்லாம் புதுத் தளிரின் நுனியில், தழையின் வெளிப்புறத்தில் இருக்கும். கிளையை விலக்கிக் குனிந்து உள்ளே போனால் காய்ந்த மிலாறும் இலையற்ற கொம்புகளும்தான். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை மேலே இருக்கும் இலையே எடுத்துக்கொள்கிறது. அதைக் கடந்து அடுத்த இலைக்கு வருவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மூன்று, நான்கு அடுக்குக்குக் கீழே இருக்கும் இலையால் தனக்கே சோறு ஆக்கிக்கொள்ள முடியாது. அது உதிரும், கிளை காயும்.

பக்கத்து மரத்தோடு கிளை கோத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். நாலு பக்கமும் பூத்த மரம், உச்சியில் மட்டும் பூக்கத் தொடங்கிவிடும். தோப்பு பச்சைப்பசேலென்று இருக்கும், கொட்டை இருக்காது.

ஆப்பிள் விவசாயிக்கும் இதே பாடம்தான். ஆப்பிள் மரத்தின் உட்பகுதியிலுள்ள குறுங்கிளைகளிலும் பூமொட்டு வைக்கும். ஆனால் முழு வெயிலில் 30 சதவீதமாவது அங்கே எட்ட வேண்டும். அதனால்தான் இமாசலத்திலும் காஷ்மீரிலும் குளிர்காலத்தில் கவாத்து செய்கிறார்கள். அடர்நடவில் குட்டை மரங்களைக் கம்பியில் கட்டி வளர்ப்பதும் வெளிச்சத்துக்காகத்தான். முந்திரிக்குக் கம்பி வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்கு கன்றிலேயே தொடங்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை விடாமல் கிள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டு பூவையும் கிள்ளிவிடுங்கள். அடிமரத்தில் மூன்றடி உயரம்வரை பக்கக் கிளை வேண்டாம். ஒரேயடியாக வெட்டாமல் மூன்று, நான்கு ஆண்டுகளில் படிப்படியாக எடுங்கள். அடிமரம் திறந்திருந்தால்தான் தண்டு துளைப்பான் புழுவின் மரத்தூளும் கண்ணில் படும்.

வளர்ந்த மரத்துக்கு அறுவடை முடிந்தபின் ஆடி, ஆவணியில் கவாத்து. காய்ந்தது, நோய் கண்டது, உள்ளே நேராக மேலேறும் போத்து, பக்கத்து மரத்தோடு பின்னியது ஆகியவற்றை எடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். மழையோடு வரும் புதுத் தளிரின் நுனிதான் அடுத்த பருவத்தின் பூ.

7 மீட்டருக்கு 7 மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 80 மரம். அடர்நடவில் 5க்கு 4 மீட்டரில் 200 மரம். தொடக்க ஆண்டுகளில் அடர்நடவு நல்ல பலன் தரும். ஆனால் ஆண்டுதோறும் கவாத்து செய்ய முடியாதவர்கள் அதில் இறங்க வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத் தோப்புகளைச் சாய்த்தது. அதன்பின் ஒட்டுக்கன்று வைத்தவர்களின் தோப்புகள் இப்போது கிளை கோக்கும் வயதில் நிற்கின்றன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற நல்ல ரகமாக இருந்தாலும் நிழலில் காய்க்காது.

ஆவணி முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அன்று உங்கள் தோப்புக்குள் போய்த் தரையைப் பாருங்கள். மரத்தடியில் ஆங்காங்கே வெயில் பொட்டு விழுந்தால் மரம் சரியாக இருக்கிறது. ஒரே இருட்டாக இருந்தால் மழைக்கு முன் ரம்பத்தை எடுங்கள்.