காளைக்குப் பார்க்கிறோம், கணவனுக்குப் பார்க்கிறோமா?

சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் உறைவிந்துக் குச்சி சாதாரணமாக வந்து சேர்வதில்லை. ஈச்சங்கோட்டை, அலமாதி போன்ற உறைவிந்து நிலையங்களில் ஒரு பொலிகாளையைச் சேர்க்கும் முன், அதன் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. காளை எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும், அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்திருந்தாலும், குரோமோசோமில் கோளாறு இருந்தால் கழித்துவிடுவார்கள்.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு சுவீடன் நாட்டு அனுபவம் இருக்கிறது. மாட்டின் 1-ம் குரோமோசோமும் 29-ம் குரோமோசோமும் ஒட்டிக்கொண்டிருக்கும் கோளாறை அங்கே 1964-ல் இங்கெமார் குஸ்தாவ்சன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அந்தக் காளைகளைப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. ஆனால், அவற்றின் விந்தைச் செலுத்திய பசுக்களில் கரு நிற்பது குறைந்தது. பல பசுக்கள் மறுபடியும் பருவத்துக்கு வந்தன. குறை பசுவிடம் இல்லை, காளையிடம்தான் என்பது அப்போது தெளிவானது.

மாட்டுக்கு இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வீட்டில் எப்படி இருக்கிறோம்? கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லையென்றால், முதலில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது மருமகள்தான். ஸ்கேன், ஹார்மோன் மாத்திரை, கர்ப்பக்குழாய் அடைப்புப் பார்க்கும் எக்ஸ்ரே, நடுவில் கோயில் வேண்டுதல், அக்கம்பக்கத்தின் குத்தல் பேச்சு. இத்தனையும் முடிந்து நான்கைந்து வருடம் கழித்துத்தான் பல வீடுகளில் கணவர் விந்துப் பரிசோதனைக்குப் போகிறார். ஒரு காலைப் பொழுதில், சில நூறு ரூபாயில் முடிகிற சோதனை அது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, ஆணிடம் மட்டுமோ இருவரிடமுமோ காரணம் இருக்கிறது. காத்திருக்கும் காலத்தில் பெண்ணின் வயதும் ஏறுகிறது. 35 வயதைத் தாண்டினால் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகச் சரிகின்றன. அந்த வருடங்களை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாட்கள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி தர வேண்டும். ஒரு மில்லி விந்தில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்களாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த கீழ்மட்ட அளவு. குறைவாக வந்தால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்துபோனால்கூட எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும். விந்தணுவே இல்லை என்று வந்தால், அதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை. விந்தில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம். அதனால்தான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கு வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை. தாம்பத்தியத்தில் குறையில்லாத, நல்ல உழைப்பாளியான ஒருவருக்கும் விந்தணு பூஜ்யமாக இருக்கலாம்.

பூஜ்யம் என்பதிலும் இரண்டு வகை உண்டு. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பைப் அடைத்திருப்பது ஒன்று. கிணற்றிலேயே ஊற்று இல்லாதது மற்றொன்று. மருத்துவர் விரையைத் தொட்டுப் பார்ப்பதிலும், எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சோதனையிலும் இது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஏன் இப்படி ஆனது, சிகிச்சை செய்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கு வரும்போதுதான் மரபணு பரிசோதனை தேவைப்படுகிறது. எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. விந்தணு அறவே இல்லாதவர்கள், மில்லிக்கு 50 லட்சத்துக்கும் குறைவாக உள்ளவர்கள், மனைவிக்குத் திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்கள் ஆகியோருக்குத்தான் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

முதலாவது, காளைக்குச் செய்யும் அதே குரோமோசோம் சோதனை. ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணுவார்கள். மனிதனுக்கு 46, ஆணுக்கு அதில் ஓர் எக்ஸ், ஓர் ஒய். சிலருக்குக் கூடுதலாக ஓர் எக்ஸ் சேர்ந்து 47 ஆக இருக்கும். இதற்குக் கிளைன்ஃபெல்டர் என்று பெயர். ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. விரை சிறியதாக இருக்கும், ஆள் கொஞ்சம் உயரமாக இருக்கலாம். பெரும்பாலானோருக்குக் கல்யாணமாகும்வரை தெரியவே தெரியாது. இவர்களிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் நுண் அறுவையில் விரைக்குள்ளிருந்து விந்தணு கிடைக்கிறது. சுவீடன் காளைபோல இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருப்பதும் இந்தச் சோதனையில் தெரியும். மனைவிக்குக் கரு தங்காமல் போவதற்கு அது ஒரு காரணம்.

இரண்டாவதுதான் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான பகுதிக்கு ஏ.இசட்.எஃப். என்று பெயர், ஏ, பி, சி என்று அதில் மூன்று துண்டுகள். பி.சி.ஆர். முறையில் எந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர்.தான். ஏ துண்டோ பி துண்டோ முழுமையாக இல்லையென்றால், விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. அந்த அறுவையே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிடுவார்கள். சி துண்டு மட்டும் இல்லையென்றால் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. சி துண்டு இல்லாத சிலருக்கு விந்தில் கொஞ்சம் அணுக்கள் இருக்கும், ஆனால் வருடாவருடம் குறையக்கூடும். அவர்கள் விந்தை முன்கூட்டியே உறையவைத்துச் சேமிப்பது நல்லது. சினை ஊசிக் குச்சி மிதக்கும் அதே திரவ நைட்ரஜன்தான், மைனஸ் 196 டிகிரி.

சோதனைக்கு ஆவது சில ஆயிரம் ரூபாய். அறுவையும் சோதனைக்குழாய் சிகிச்சையும் சேர்ந்தால் ஒரு முறைக்கே லட்சத்தைத் தாண்டும். நகையை அடகு வைத்து, நிலத்தின் பேரில் கடன் வாங்கி ஓடும் முன், இந்தச் சோதனையின் முடிவு கையில் இருக்க வேண்டும். விந்தணு இல்லாதவருக்கு இதைப் பார்க்காமலே அறுவைக்குத் தேதி கொடுத்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, பைப் இல்லாத வகை. சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு விந்துக்குழாய்களும் இருக்காது. சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவின் பிழை இதற்கு முக்கியக் காரணம். இவர்களுக்கு விந்தணு நன்றாகவே உற்பத்தியாகிறது. ஊசியால் எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்திவிடலாம். ஆனால், அதற்கு முன் மனைவிக்கும் அந்த மரபணுவைப் பார்க்க வேண்டும். அவரிடமும் பிழை இருந்தால், குழந்தைக்கு நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வரலாம்.

ஊர் பேசும் பேச்சு ஒன்று இருக்கிறது: “அவங்க வம்சத்துலயே கோளாறு.” இதைச் சொல்லித் தங்கையின் கல்யாணத்தைக்கூடக் கெடுப்பார்கள். கூடுதல் எக்ஸ் குரோமோசோம் வம்சத்தில் வருவதில்லை; கரு உருவாகும்போது தற்செயலாக நேர்கிறது. ஒய் துண்டு விடுபடுவதும் பெரும்பாலும் அந்த ஒருவரிடம் புதிதாக நேர்வதே. அப்பாவுக்கு அது இருந்திருந்தால் பிள்ளை பிறந்திருப்பதே அரிது. ஆனால், சி துண்டு இல்லாதவர் சிகிச்சையால் ஆண் குழந்தை பெற்றால், அந்த மகனுக்கும் அதே குறை நிச்சயம் போகும், மகளுக்குப் போகாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது தம்பதியின் உரிமை. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்கள், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை இருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

இத்தனை பார்த்தும் பலருக்குக் காரணம் தெரியாமலே போகலாம். விந்தணு அறவே இல்லாதவர்களில், குரோமோசோம் கோளாறு தென்படுவது நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம்தான். சோதனை சரியாக இருக்கிறது என்றால் குறையில்லை என்று அர்த்தமல்ல. வேறு காரணத்தைத் தேட வேண்டும். சிறு வயதில் விரை இறங்காதது, வயது வந்தபின் வந்த பொன்னுக்கு வீங்கி, விரையில் நரம்பு சுருட்டல் என்று பட்டியல் நீளும். விவசாயிகளுக்கு இன்னொன்று. டி.பி.சி.பி. என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா தொழிற்சாலையில், ஊழியர்களுக்கு விந்தணு இல்லாமல் போனது 1977-ல் வெளிப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டைத் தடை செய்தது. வெறும் உடம்போடு மருந்தடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். மரபணு பரிசோதனை அதைக் காட்டாது.

ஆண்மைக்கு என்று போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும், ஜிம்மில் கிடைக்கும் ஸ்டீராய்டும் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். குழந்தைக்கு முயலும்போது இவற்றைத் தொடக் கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால், நிறுத்திய பிறகு பெரும்பாலும் மாதக்கணக்கில் மீண்டு வரும்.

விந்துப் பரிசோதனையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யில் தனித்துறை இருக்கிறது. ரத்தம் கொடுக்கும் முன்பும், முடிவு வந்த பின்பும் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அறிக்கையின் அசலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பத்திரி மாறினாலும் மரபணு மாறாது, அதே சோதனைக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியதில்லை.