டார்ச்சுக்கு எந்தக் கட்டை?

மைசூரைச் சுற்றி, ராத்திரியில் டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாத ஊர்கள் நிறைய உண்டு. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் விவசாயியும் அப்போதுதான் வயலுக்குப் போயாக வேண்டும். 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலும் டி.நரசீபுர தாலுகாவில் சிறுத்தை தாக்கிச் சிலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு கரும்புத் தோட்டத்து வரப்பில் நடக்கிறவருக்கு வெளிச்சம் என்பது உயிர்க் காவல். எச்.டி.கோட்டை, நாகரஹொளே பக்கம் போனால் யானை பயம். இப்படிப்பட்டவர்கள் கடையில் போய் “நல்ல டார்ச் கொடுங்கள்” என்று கேட்கும்போது, டார்ச்சின் தரத்தில் பாதி அதற்குள் போடும் பேட்டரிக் கட்டையில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதை இங்கே பார்த்துவிடலாம்.

பழைய டார்ச்சில் இரண்டு பெரிய கட்டைகளை வரிசையாகப் போடுவோம். ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட், இரண்டும் சேர்ந்து மூன்று. இழை பல்பு மஞ்சளாக எரியும். இப்போது பல்பு போய் எல்.இ.டி. வந்துவிட்டது. வெள்ளை எல்.இ.டி.க்கும் ஏறக்குறைய மூன்று வோல்ட் வேண்டும். லித்தியம் அயான் கட்டை ஒன்றே 3.6 வோல்ட் தருகிறது. முழுதாக சார்ஜ் ஏறினால் 4.2, தீர்ந்துபோகும் நேரத்தில் மூன்றுக்கும் கீழே. ஆக, ஒரு எல்.இ.டி.யை எரிக்க ஒரு கட்டை போதும். 1991-இல் சோனி நிறுவனம் கையடக்க மின்னணுக் கருவிகளுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தக் கட்டை, டார்ச்சுக்காகவே செய்ததுபோல வந்து பொருந்தியது இப்படித்தான்.

கடையில் கேட்டால் 18650, 21700, 14500, 26650 என்று எண்களாகவே சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு, அடுத்த இரண்டு நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 21700 அதைவிடக் கொஞ்சம் தடிமன், கொஞ்சம் நீளம். 14500 நம் கடிகாரத்தில் போடும் பென்சில் செல்லின் அளவு. பள்ளிப் பிள்ளையின் ஸ்கேலை வைத்து அளந்தாலே இந்த எண் சரியா என்று தெரிந்துவிடும்.

கட்டையின் மேல் இன்னொரு எண்ணும் இருக்கும். எம்.ஏ.எச். என்று போட்டிருப்பார்கள், மில்லி ஆம்பியர் மணி. கட்டைக்குள் எவ்வளவு மின்னோட்டம் எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது என்ற கணக்கு அது. இதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. பெரும்பாலோர் ஏமாறும் இடமும் இதுதான். 2600 என்று போட்ட கட்டையும் 9900 என்று போட்ட கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை தானாகவே 9900-க்குப் போகிறது. விலையும் பல நேரம் குறைவாக இருக்கும். ஆனால் 18650 அளவுக் கட்டையில் 9900 என்பது நடக்காத காரியம். ஏன் என்பதை நிதானமாகப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

கட்டையைப் பிரித்துப் பார்த்தால் (வீட்டில் பிரிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்) உள்ளே ஒரு செம்புத் தகடும் ஒரு அலுமினியத் தகடும் நீளமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். செம்பின் மேல் கிராஃபைட் பூச்சு, அதாவது பென்சில் கூருக்குள் இருக்கும் கரி. அலுமினியத்தின் மேல் நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்த பூச்சு. சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் அலுமினியப் பக்கத்திலிருந்து கிளம்பிக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. டார்ச்சைப் போட்டால் திரும்பி வருகின்றன. கிராஃபைட்டில் ஒரு லித்தியம் உட்கார ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். இது இயற்கை வகுத்த கணக்கு, எந்தக் கம்பெனியும் இதை மாற்ற முடியாது. கிராஃபைட்டில் கொஞ்சம் சிலிக்கானைக் கலந்தால் இடம் சற்றுக் கூடும்; அதைத்தான் இப்போது பலரும் செய்கிறார்கள். அப்படியும் அந்தச் சின்ன உருளைக்குள் இத்தனை தகடு, இத்தனை பூச்சுதான் அடங்கும். அதனால் நல்ல கம்பெனிகளின் 18650 கட்டைகள் பெரும்பாலும் 3500 பக்கத்தில் வந்து நின்றுவிடுகின்றன. 9900 வேண்டுமானால் அதே உருளைக்குள் மூன்று கட்டைகளின் சரக்கைத் திணிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் எடை போட்டுப் பாருங்கள். நல்ல 18650 கட்டை 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். பெரிய எண்ணை ஒட்டிக்கொண்டு வரும் கட்டை பல நேரம் இதைவிடக் கணிசமாக லேசாக இருக்கும், உள்ளே சரக்குக் குறைவு என்பதால். அடுக்களைத் தராசே இதற்குப் போதும்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். எம்.ஏ.எச். கூடினால் வெளிச்சம் கூடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது எம்.ஏ.எச். குழாயில் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதைக் குழாயைத் திறக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். டார்ச்சில் அந்த வேலையைச் செய்வது எல்.இ.டி.க்குப் பின்னால் இருக்கும் சின்ன மின்சுற்று. தொட்டி பெரிதானால் தண்ணீர் அதிக நேரம் வரும், அவ்வளவுதான்.

இப்போது அளவுகளை ஒப்பிடலாம். எல்.இ.டி. ஒரு ஆம்பியர் இழுத்தால் சுமாராக 300 லூமன் வெளிச்சம் கிடைக்கும். வரப்பில் நடக்க அது தாராளம். அந்தக் கணக்கில் 3500 எம்.ஏ.எச். உள்ள 18650 மூன்றரை மணி நேரம் தாங்கும். 5000 உள்ள 21700 ஐந்து மணி நேரம். 14500-இல் நல்ல கட்டையே ஆயிரத்தை ஒட்டித்தான் வரும், ஆகவே ஒரு மணி நேரம். 21700-இன் பருமனைக் கணக்குப் போட்டால் 18650-ஐப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கொள்ளளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடியிருக்கிறது. சரக்கு இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் 26650-ஐப் பார்த்தால் குழப்பம் வரும். 21700-ஐவிட நன்றாகவே தடிமன், ஆனால் 5000, 5500 என்றுதான் இருக்கும். காரணம் கார்கள். டெஸ்லாவின் முதல் கார் 2008-இல் ஆயிரக்கணக்கான 18650 கட்டைகளோடுதான் வந்தது. 2017-இல் அந்தக் கம்பெனி தன் புதிய காரில் 21 மில்லிமீட்டர் கட்டைக்கு மாறியது. ஆராய்ச்சியும் பணமும் அந்த இரண்டு அளவுகளின் பின்னாலேயே போயின. 26650-க்கு அந்தக் கவனிப்புக் கிடைக்கவில்லை. அதனால் இன்று புதிதாக டார்ச் வாங்குகிறவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வயலுக்குப் போகிறவர், காட்டோரத்தில் காவல் இருக்கிறவர் 21700 போடும் டார்ச்சாக வாங்கட்டும். கட்டை 70 கிராம் கனக்கும், கைப்பிடியும் தடிமனாக இருக்கும். இருந்தாலும் விடியும்வரை கவலை இல்லை. வீட்டில் கரண்ட் போனால் தேடும் டார்ச்சுக்கு 18650 போதும். பொழுது விடியுமுன் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை ஏறுகிறவருக்குச் சட்டைப் பையில் அடங்கும் 14500 டார்ச்சே சரி. முதலில் நம் ராத்திரி எவ்வளவு நீளம் என்று யோசித்துவிட்டு அப்புறம் டார்ச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

14500-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பென்சில் செல்லின் உருவத்திலேயே இருப்பதால் பென்சில் செல் போடும் எந்தப் பொருளிலும் உள்ளே போய்விடும். ஆனால் ஒன்றரை வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.2 வோல்ட் வரும். டார்ச்சின் மின்சுற்று கருகலாம்; சுவர்க் கடிகாரம், ரிமோட் எல்லாம் கெட்டுப்போகலாம். டார்ச்சின் உடம்பிலோ பெட்டியிலோ 4.2 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடலாம். அதேபோல 16340 என்ற குட்டைக் கட்டை மூன்று வோல்ட் கேமரா பேட்டரியின் இடத்தில் கச்சிதமாக உட்காரும். அதுவும் முழு சார்ஜில் 4.2 வோல்ட்தான். இரண்டை வரிசையாகப் போட்டால் ஆறுக்குப் பதில் எட்டரையை நெருங்கிவிடும்.

நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சில கட்டைகளின் அடியில் காவல் சுற்று ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும், அடியோடு தீரப் பார்த்தாலும், ஷார்ட் ஆனாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதனால் 65 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கட்டை 68, 70 என்று நீண்டுவிடும். சில டார்ச்சுகளில் மூடி திருகாமல் நிற்பது இதனால்தான். பலவந்தமாகத் திருகக் கூடாது. புதிதாக வாங்குகிறவர் இந்தக் காவல் சுற்று உள்ள கட்டையையே கேட்டு வாங்கி, அது பொருந்தும் டார்ச்சாகப் பார்த்து எடுப்பது நல்லது. மிகப் பெரிய வெளிச்சம் தரும் டார்ச்சுக்கு மட்டும் விஷயம் வேறு: பத்து, இருபது ஆம்பியரை ஒரேயடியாகத் தரும் கட்டை அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட 18650 பெரும்பாலும் 2500, 3000 என்றுதான் வரும். எண் சிறியது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்துகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். ஐ.என்.ஆர். என்றால் நிக்கல் சேர்ந்தது, ஐ.சி.ஆர். என்றால் கோபால்ட், ஐ.எஃப்.ஆர். என்றால் இரும்பு பாஸ்பேட். கடைசி வகை 3.2 வோல்ட்தான், முழு சார்ஜ் 3.65. அதைச் சாதாரண 4.2 வோல்ட் சார்ஜரில் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி என்று பெயர் இருந்தாலும் 18650 ஒன்றுக்குள் லித்தியம் சுமார் ஒரு கிராம்தான் இருக்கிறது. அந்த லித்தியம் நமக்கு அத்தனை தூரத்துப் பொருளும் அல்ல. மைசூருக்குப் பக்கத்து மண்டியா மாவட்டத்தில், மார்லகல்லா–அல்லாபட்னா பகுதிப் பாறைகளில் 1,600 டன் லித்தியம் இருக்கலாம் என்று அணுசக்தித் துறையின் கனிம ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தோண்டி எடுக்கக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. 

தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றிய கடைத்தெருவில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 16046 முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்து, புது உறை மாட்டிய கட்டைகளும் சந்தைக்கு வருகின்றன. மலிவாக இருக்கும், ஆனால் உள்ளே எத்தனை ஆயுள் மிச்சம் என்று தெரியாது.

சுவரில் செருகி சார்ஜ் செய்யும் பழைய டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது ஈய அமில பேட்டரி. அதை எப்போதும் முழுதாக ஏற்றி வைக்க வேண்டும், மாதக்கணக்கில் விட்டால் செத்துவிடும். லித்தியம் அயான் கட்டைக்கு இந்தப் பழக்கம் ஒத்துவராது. நெடுநாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜோடு, வெயில் படாத இடத்தில் வைத்துவிடலாம். நிறுத்தி வைத்த காருக்குள் மட்டும் வேண்டாம். உபரிக் கட்டையைச் சாவி, சில்லறையோடு பையில் போட்டால் இரண்டு முனையும் உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். மேலுறை கிழிந்த கட்டையையும், நசுங்கியோ வீங்கியோ இருக்கும் கட்டையையும் இனி சார்ஜில் போட வேண்டாம். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, குப்பையோடு சேர்க்காமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.