ஒன் பை எக்ஸும் மாங்கூழும்

மாம்பழப் பருவம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரகம் ஏற்றிய வண்டிகள் வரத் தொடங்கிவிடும். அரைத்த கூழைச் சூடேற்றித்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூடு போதாவிட்டால் கூழ் கெடும். மிஞ்சினால் மணமும் நிறமும் போகும். எத்தனை நிமிடம் சூடேற்றுவது என்ற கேள்விக்கான கணிதம், கல்லாவியில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவரின் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கிறது: லாக் எக்ஸின் வகைக்கெழு ஒன் பை எக்ஸ்.

கிருமிகள் சாகும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. 1908இல் லண்டன் ஆய்வாளர் ஹேரியட் சிக் அதைத் தெளிவாகக் காட்டினார். ஒவ்வொரு நிமிடமும் இத்தனை கிருமி என்று சாவதில்லை. மிச்சமிருப்பதில் இத்தனை பங்கு என்றே சாகின்றன. ஒரு சூட்டில் நிமிடத்துக்குப் பத்தில் ஒன்பது பங்கு சாவதாக வைத்துக்கொள்வோம். 10,000 கிருமி 1,000 ஆகும், பிறகு 100, பிறகு 10. இறங்கும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. இந்த எண்களின் இயல் மடக்கையை, அதாவது லாக்கை, எடுத்தால் 9.21, 6.91, 4.61, 2.30. ஒவ்வொரு படியும் சுமார் 2.30தான்! வளைந்து விழுந்த கோடு நேர்கோடாகிவிட்டது.

காரணம் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. ஒரு சார்பின் லாக்கை வகையிட்டால், சார்பின் வகைக்கெழுவைச் சார்பாலேயே வகுத்தது கிடைக்கும். மாறும் அளவை இருக்கும் அளவால் வகுப்பது என்றால் விகித வேகம். மக்கள்தொகைக்கும் இதே கணக்குதான். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6,24,05,679 பேர், 2011இல் 7,21,47,030 பேர். பத்தாண்டு வளர்ச்சி 15.6 சதவீதம். அதைப் பத்தால் வகுத்து ஆண்டுக்கு 1.56 என்று சொல்வது சரியல்ல, ஏனெனில் அடித்தளமே ஆண்டுதோறும் கூடுகிறது. இரு எண்களின் லாக் வித்தியாசம் 0.145, ஆக, ஆண்டுக்கு 1.45 சதவீத வேகம்.

ஏன் ஒன் பை எக்ஸ்? லாக் 2இலிருந்து லாக் 2.01க்குப் போனால் கூடுவது ஏறக்குறைய 0.005, அதை 0.01ஆல் வகுத்தால் அரை. 100இலிருந்து 100.01க்குப் போனால் கூடுவது 0.0001, வகுத்தால் நூறில் ஒன்று. 1647இல் கிரெகரி என்ற பெல்ஜியப் பாதிரியார் செவ்வக அதிபரவளையத்தின், அதாவது ஒன் பை எக்ஸ் வளைகோட்டின், கீழுள்ள பரப்பை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அந்தப் பரப்பு மடக்கையைப்போலவே நடந்துகொள்வதை அவருடைய மாணவர் சரசா 1649இல் எடுத்துச் சொன்னார். 1முதல் எக்ஸ்வரை வளைகோட்டின் கீழுள்ள பரப்பே லாக் எக்ஸ். எக்ஸைத் துளி நகர்த்தினால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டையின் உயரம் ஒன் பை எக்ஸ். நிரூபணம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. வகுப்பறையில் இந்தப் படத்தை வரைந்து காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கட்டாயம் செலவிட வேண்டியது.

படம் மனதில் இல்லாதபோதுதான் தேர்வில் மதிப்பெண் போகிறது. எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஒன்றின் லாக்கை வகையிடும்போது, கீழே அதே கோவையை எழுதிவிட்டு மேலே 2எக்ஸை விட்டுவிடுகிறார்கள். சங்கிலி விதி அங்கே நழுவுகிறது. லாக் 5எக்ஸின் வகைக்கெழு ஐந்து பை எக்ஸ் என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் ஒன் பை எக்ஸ்தான். லாக் 5எக்ஸ் என்பது லாக் 5உடன் லாக் எக்ஸைக் கூட்டியது. லாக் 5 மாறிலி, வகையிட்டால் பூஜ்யம். கூழைக் கிலோவில் அளந்தாலும் டன்னில் அளந்தாலும் விகித வேகம் மாறாததற்கும் இதுவே காரணம்.

இன்னொரு குழப்பம் பாடத்துக்குப் பாடம் வருகிறது. நுண்கணிதப் பாடத்தில் லாக் என்றால் அடிமானம் சுமார் 2.718 ஆன இயல் மடக்கை. வேதியியல் வகுப்பில் லாக் டேபிளைப் புரட்டும்போது அடிமானம் பத்து. பத்தின் இயல் மடக்கை 2.303. அதனால் பத்தடிமான லாக்கை வகையிட்டால் ஒன் பை எக்ஸை 2.303ஆல் வகுக்க வேண்டும். பிளஸ் டூவில் முதல் வகை வினைக்கான வேகச் சூத்திரத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்த 2.303 வேறெங்கிருந்தும் வந்ததல்ல.