வக்கீல் யார் பக்கம்?

அமெரிக்காவில் அடைக்கலம் கேட்பவரின் விதி அவரது வழக்கறிஞர் கையில். அந்த வழக்கறிஞருக்கே வேறு கணக்கு இருந்தால்?

தடுப்புக் காவலிலிருந்து வெளியே வரும் நாள் யாருக்கும் இனிக்க வேண்டும். நியூயார்க் வழக்கறிஞர் ராபர்ட் போர்ஜஸின் கட்சிக்காரர்கள் பலருக்கு அது இன்னொரு சிறையின் வாசல். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து அவர்களைக் கடத்தி வந்த கும்பல், கூலிப் பாக்கியை வசூலிக்கக் காத்திருந்தது. யார், எப்போது விடுதலை ஆகிறார்கள் என்று கும்பலுக்குத் தகவல் தந்ததே வக்கீல் அலுவலகம்தான் என்றது அரசுத் தரப்பு.

2000-ல் போர்ஜஸ் கைதானார். 2002-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரது அலுவலகம் தாக்கல் செய்த அடைக்கல மனுக்கள் ஆயிரக்கணக்கில். கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்களுக்கு அடைக்கலம் தரலாம் என்று 1996-ல் அமெரிக்கச் சட்டம் சொன்னது. நிஜமாகவே பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் இங்கே கதைகள் அலுவலகத்திலேயே தயாராயின. கட்சிக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் மனப்பாடம். கட்சிக்காரர்களை அனுப்பியதும், பல நேரம் ஃபீஸ் கட்டியதும் கடத்தல்காரர்களே. பணம் எங்கிருந்து வருகிறதோ விசுவாசமும் அங்கேதான் என்பது நம்மூர் கோர்ட் வாசலில் நிற்பவருக்குக்கூடத் தெரியும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? நாடுகடத்தல் என்பது அங்கே கிரிமினல் வழக்கு அல்ல, சிவில் விவகாரம். கொலைக் குற்றவாளி ஏழையாக இருந்தால் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். அடைக்கலம் கேட்பவருக்கு அந்த உரிமை இல்லை. மொழி தெரியாதவர், ஊர்க்காரர் கைகாட்டும் வாசலில்தான் போய் நிற்கிறார். வக்கீல் இல்லாமலும் முடியாது. 2011-ல் வெளியான நியூயார்க் ஆய்வில், காவலில் இருந்துகொண்டு வக்கீல் இல்லாமல் போராடியவர்களில் 3 சதவீதம் பேரே ஜெயித்தார்கள். வெளியே இருந்து, வக்கீலும் வைத்திருந்தவர்களில் 74 சதவீதம். சங்கடம் என்னவென்றால், அதே ஆய்வில் கருத்துச் சொன்ன குடியேற்ற நீதிபதிகள், தங்கள் முன் ஆஜராகும் வக்கீல்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வேலை போதாது என்றார்கள்.

எல்லோரும் அப்படியல்ல. 1993-ல் 'கோல்டன் வென்ச்சர்' கப்பல் நியூயார்க் கரையில் தரைதட்டி, 286 சீனர்கள் வந்திறங்கினார்கள். 10 பேர் இறந்தார்கள். பென்சில்வேனியாவின் யார்க் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்காக உள்ளூர் வக்கீல்கள் காசு வாங்காமல் வாதாடினார்கள். அவர்களில் பலருக்குக் குடியேற்றச் சட்டமே புதிது, படித்துப் படித்துத்தான் ஆஜரானார்கள். கடைசி ஐம்பது சொச்சம் பேரை 1997-ல் அதிபர் கிளிண்டன் விடுவித்தார்.

சரி, வக்கீல் கைவிட்டால் கட்சிக்காரர் என்ன செய்யலாம்? வழக்கை மீண்டும் திறக்கக் கோரலாம். அதற்கு 1988-ல் வகுத்த விதி இன்றும் நிற்கிறது. வக்கீலுடன் பேசிய ஏற்பாட்டைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். குற்றச்சாட்டை அந்த வக்கீலுக்கே தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அமைப்பிடம் புகார் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இத்தனையும் ஆங்கிலத்தில், பெரும்பாலும் சிறைக்குள்ளிருந்து, இன்னொரு வக்கீலைத் தேடிப் பிடித்து.

இந்த விதிக்கு 'லொசாடா' என்று பெயர். லொசாடா ஒரு கட்சிக்காரர். அவரது வக்கீல் மேல்முறையீட்டுக்கான வாதத்தைத் தாக்கல் செய்யவே இல்லை. மேல்முறையீட்டு வாரியம் விதியை அவர் பெயரில் வகுத்துவிட்டு, அவரது கோரிக்கையை நிராகரித்தது.