500 டிகிரி போனா நல்ல எஸ்எம்டி மெஷினா? ஹாட் ஏர் ஸ்டேஷன் வாங்கும் முன் இதைப் படிங்க

செல்போன், லேப்டாப் சர்வீஸ் கத்துக்கிறவங்க சால்டரிங் அயர்னுக்கு அடுத்து வாங்குவது எஸ்எம்டி மெஷின் எனப்படும் ஹாட் ஏர் ஸ்டேஷன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, "500 டிகிரி வரை போகும்" என்பதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். உண்மையில் நம் வேலைக்கு அந்த எண் அவ்வளவாக உதவாது.

ஏன் தெரியுமா? ஈயம் கலந்த பழைய வகை சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஐரோப்பிய யூனியன் 2006-ல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பரவலான ஈயமில்லாத சால்டர் சுமார் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். அப்படியிருக்க மெஷினை 350-க்கு மேல் வைப்பது எதற்கு? நாசிலை விட்டு வெளியே வந்ததுமே காற்று சூட்டை இழக்கிறது. போர்டுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் செம்புத் தகடுகளும் சூட்டை இழுத்துக்கொள்கின்றன.

அதனால் பார்க்க வேண்டியது, சூடான காற்று எவ்வளவு வருகிறது, அது ஒரே சீராக வருகிறதா என்பதைத்தான். காற்று குறைவான மெஷினில் என்ன நடக்கும்? ஐசி கழன்று வராது. பொறுமை இழந்து 450-க்கு ஏற்றுவோம். மேலே ஐசி கருகும், கீழே சால்டர் இன்னும் உருகியிருக்காது. அந்த நேரத்தில் ட்வீசரால் இழுத்தால் போர்டில் உள்ள செம்பு பேடும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். சார்ஜிங் ஐசி மாற்றக் கொடுத்த கஸ்டமருக்கு, ஆன் ஆகாத போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை!

பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வைத்தே சமாளிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் காற்று மிக அதிகம், வாயும் அகலம். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ரெசிஸ்டர், கெபாசிட்டரெல்லாம் பறந்துபோகும், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் கனெக்டர் இளகிவிடும்.

மார்க்கெட்டில் அதிகம் கிடைப்பது 858டி என்ற பெயரில் வரும் மாடல்கள். பல கம்பெனிகள் ஒரே டிசைனில் செய்கின்றன. சுமார் 700 வாட்ஸ், காற்றாடி கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். கத்துக்கிறவங்களுக்கும், செல்போன் போர்டில் உள்ள சின்ன ஐசிகளுக்கும் இது போதும். லேப்டாப் மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்று போனால் திணறும். அதற்கு 1000 வாட்ஸ் ரகம் தேவை, அல்லது போர்டைக் கீழிருந்து சூடாக்கும் ப்ரீஹீட்டர் வேண்டும். என்னைக் கேட்டால், பட்ஜெட் இடிக்கும்போது சாதாரண மெஷினோடு ஒரு ப்ரீஹீட்டர் வாங்குவதே புத்திசாலித்தனம். கீழே 100, 120 டிகிரி சூடு இருந்தாலே மேலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கடையிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். சூடு அளக்கும் வயர் உள்ள மல்டிமீட்டரை எடுத்துப் போங்க. மெஷினை 350-ல் வைத்து, நாசிலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் வயரின் நுனியைப் பிடிங்க. டிஸ்ப்ளேயும் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டாது, அது பரவாயில்லை. காற்றைக் கூட்டிக் குறைக்கும்போது மீட்டரில் சூடு எகிறி எகிறி விழுந்தால் அந்த மெஷின் வேண்டாம். முடிந்தால் ஒரு டெட் போர்டில் ஐசி ஒன்றைக் கழற்றியும் பார்த்துவிடுங்க.

பலரும் கவனிக்காத ஆபத்து எர்த். விலை குறைந்த சில மெஷின்களில் எர்த் வயர் ஒழுங்காக இணைக்கப்பட்டிருக்காது. ஷாக் அடிக்கும், நுணுக்கமான ஐசியும் போகலாம். பிளக்கைக் கழற்றி, மெஷின் ஆறிய பிறகு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் நாசில் இருக்கும் உலோகக் குழாய்க்கும் இடையே மீட்டரை கன்டினியூட்டியில் வைங்க. பீப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்க. எர்த் சரியாக இருக்கும் மெஷினையும் டூ பின் அடாப்டரில் செருகினால் எல்லாம் வீண்.

மெஷின் எதுவானாலும் ஃப்ளக்ஸ் போடாமல் காற்று அடிக்காதீங்க. பக்கத்துப் பாகங்களை ஹீட் டேப்பால் மூடுங்க. பேட்டரியை முதலில் கழற்றி வைங்க, லித்தியம் பேட்டரி சூடு பட்டால் தீப்பிடிக்கும்.

வேலை முடிந்ததும் சட்டென்று ஸ்விட்சை அணைப்பவர்கள்தான் அதிகம். கைப்பிடியை ஸ்டாண்டில் வைத்தால், 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை காற்றாடி தானாகவே ஓடி, பிறகு நிற்கும். அதுவரை பிளக்கில் கை வைக்காதீங்க. பாதியில் அணைத்தால் ஹீட்டரும் கைப்பிடியும் சீக்கிரம் போய்விடும்.